அபின்னேயஸின் கடிதக் கட்டு

அன்புள்ள பாலு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்து, கோயில் வரை நடந்து போகிறாள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவன் வேலை மாறிப் புனேவுக்குப் போய்விட்டான். பேத்தியும் போய்விட்டதால் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

தாசில்தாராக இருந்த தாத்தாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பணிப்பதிவேட்டைத் தவிர கையில் ஒன்றுமில்லை என்கிறாய். எந்த வருஷம் எந்தத் தாலுகா என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதரை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறாய். பிற்கால ரோமப் பேரரசின் ஆட்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து எனக்கும் இதே கேள்விதான். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

இந்தத் துறையில் எல்லோரும் முதலில் புரட்டுவது கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஓர் அகராதி. கி.பி. 260 முதல் 641 வரை பேரரசில் பதவியிலோ அந்தஸ்திலோ இருந்தவர்களை, யார் எவர் என்று அகர வரிசையில் சொல்லும் மூன்று தொகுதிகள். 1971, 1980, 1992 என்று வந்தன. முன்னின்று நடத்திய ஏ.எச்.எம். ஜோன்ஸ் முதல் தொகுதி அச்சாகி வருவதற்குள் 1970-ல் இறந்துவிட்டார். அவரோடு வேலை செய்த மார்ட்டின்டேல்தான் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனார். ஒரே பெயரில் பலர் இருப்பதால் ஆளுக்கு ஓர் எண் உண்டு. பேச்சாளர் சிம்மாக்கஸ் அதில் ‘சிம்மாக்கஸ் 4’. கல்வெட்டு, சட்டத்தொகுப்பு, கடிதம், பாப்பிரஸ் என்ற நாணல் தாள் ஏடுகள் என்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பெயர்களில் எவை ஒரே ஆள், எவை வெவ்வேறு ஆட்கள் என்று தீர்மானிப்பதுதான் இதில் பாதி வேலை. பெயரை நம்பவும் முடியாது. பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துக்குப் பிறகு அரசு வேலையிலும் படையிலும் இருந்தவர்கள் ஃபிளேவியஸ் என்று போட்டுக்கொண்டார்கள். ஊர்க் குடியானவர்களுக்கு ஆரேலியஸ். ஆகவே முன்பெயர் ஆளைக் காட்டாது, அந்தஸ்தைத்தான் காட்டும்.

எனக்கு மனசுக்கு நெருக்கமாகிவிட்டவர் ஃபிளேவியஸ் அபின்னேயஸ். 340-களில் எகிப்தின் ஃபாயூம் பகுதியில், டயோனிசியாஸ் என்ற கோட்டையில் குதிரைப்படைக்குத் தலைவர். பேரரசின் கணக்கில் நடுத்தர அதிகாரி, அவ்வளவுதான். ஆனால் அவருக்கு வந்த கடிதங்களும் மனுக்களுமாக எண்பது பாப்பிரஸ்கள் வரை தப்பிப் பிழைத்திருக்கின்றன. பாதி லண்டனுக்கும் மீதி ஜெனீவாவுக்கும் போய்ச் சேர்ந்து, 1962-ல் ஒரே நூலாக வந்தன.

அதில் அவர் பேரரசர்களுக்கு எழுதிய மனு ஒன்று இருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் குதிரை வில்லாளர் படையில் சேவை செய்தேன். எகிப்துக்குத் தெற்கே இருந்த பிளெம்மியர் என்ற இனத்தாரின் தூதர்களைக் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கூட்டி வந்தேன். அங்கே பேரரசரின் ஊதா அங்கியை வணங்கும் பேறு கிடைத்தது. தூதர்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டு அவர்கள் நாட்டிலேயே மூன்று வருஷம் இருந்தேன். அப்புறம் புதிதாகச் சேர்த்த வீரர்களை அழைத்துக்கொண்டு வந்தபோது இந்தக் கோட்டையின் தலைமையைத் தாங்களே தந்தீர்கள். நியமனக் கடிதத்தோடு போனால், எகிப்துப் படைகளின் தலைவர் வலாக்கியஸ், இதே மாதிரிக் கடிதத்தை வேறு சிலரும் கொண்டு வந்திருக்கிறார்களே என்று சொல்லிவிட்டார். அவர்களெல்லாம் சிபாரிசில் வந்தவர்கள், நான் உழைப்பால் வந்தவன், ஆகவே எனக்கே தர உத்தரவாக வேண்டும் என்கிறார். படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷம் ஆபீசில் குப்பை கொட்டிய நமக்கு இந்த மனுவில் எந்த வரிக்கும் உரை தேவையில்லை.

வேலை கிடைத்தது. ஆனால் 344-ல் அதே வலாக்கியஸ் அவரைப் பதவியிலிருந்து விலக்கிக் கடிதம் அனுப்புகிறார். 346-ல் பார்த்தால் அபின்னேயஸ் மறுபடி அதே கோட்டையில் இருக்கிறார். நடுவில் என்ன நடந்தது?

இங்கேதான் வேறொரு மூலையிலிருந்து வெளிச்சம் வருகிறது. அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ், பாலைவனத் துறவி அந்தோணியாரின் வாழ்க்கையை எழுதினார். அதில் பலாக்கியஸ் என்று ஒரு படைத்தலைவர் வருகிறார். திருச்சபைக்குள் நடந்த சண்டையில் அத்தனாசியஸின் பக்கம் நின்றவர்களை வதைத்தவர். ‘உன்மேல் கோபம் இறங்கப்போகிறது, நிறுத்து’ என்று அந்தோணியார் எழுதிய கடிதத்தின் மேல் எச்சில் துப்பி எறிகிறார். சில நாளில் எகிப்தின் ஆளுநர் நெஸ்டோரியஸோடு குதிரையில் வெளியே போகும்போது, நெஸ்டோரியஸ் ஏறியிருந்த சாதுவான குதிரை பாய்ந்து இவரைக் கடித்துத் தள்ளித் தொடையைக் கிழிக்கிறது. மூன்றாம் நாள் சாவு. அந்தப் பலாக்கியஸும் நம் வலாக்கியஸும் ஒரே ஆள்தான். நெஸ்டோரியஸ் ஆளுநரானது 345-ல் என்று வேறு வழியில் தெரிவதால், சாவு அதற்கு முன்னால் நடந்திருக்க முடியாது. ஒரு புனிதர் கதையும் ஒரு வேலைநீக்கக் கடிதமும் இப்படி ஒரே மனிதனிடம் வந்து முட்டுகின்றன!

இதே அத்தனாசியஸ் வேறொரு நூலில் இந்தச் சாவை மறுபடி சொல்லும்போது, கடித்தது பலாக்கியஸ் ஏறியிருந்த குதிரையேதான். அந்த நாட்களில் அத்தனாசியஸ் மேற்கே நாடுகடத்தப்பட்டிருந்தார். எதையும் கண்ணால் பார்த்தவரில்லை. எனக்குத் தோன்றுவது, அத்தனாசியஸ் சொல்வதையும் அபின்னேயஸ் சொல்வதையும் ஒன்றாக ஒட்டிச் சரிக்கட்டக் கூடாது. முன்னவர் கடவுளின் தண்டனையைக் காட்ட எழுதினார், பின்னவர் வேலைக்காக எழுதினார். யாருக்கு என்ன வேண்டியிருந்தது என்று பார்த்துக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மனிதர்கள் எழுந்து வந்துவிடுகிறார்கள். எதிரி செத்ததால்தான் அபின்னேயஸுக்கு வேலை திரும்பியது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. ஆண்டுகள் இடம் கொடுக்கின்றன, பாப்பிரஸ் சொல்லவில்லை. அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அந்தக் கட்டில் மீதியெல்லாம் ஊர் வழக்குகள். ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டு ரோமத்தைக் கத்தரித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருவர். மான்கள் பயிரை அழிக்கின்றன, உங்களிடம் இருக்கும் வலையைக் கொடுத்தனுப்புங்கள் என்று ஒருவர். காவோர் என்று ஓர் ஊர்ப் பாதிரியார், ஓடிப்போன சிப்பாய் பவுலை இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள், நேரில் வர எனக்கு இப்போது நேரமில்லை, திருந்தாவிட்டால் மறுபடி உங்கள் கையில்தானே வந்து விழப்போகிறான் என்று எழுதுகிறார். அபின்னேயஸ் தன்னைப் பற்றிச் சொன்னதைவிட, அவரிடம் ஏதோ ஒன்று கேட்டு வந்தவர்கள் வழியாகத்தான் அவரை நான் அதிகம் தெரிந்துகொண்டேன். கேட்டால் கொடுப்பார் என்று ஊரில் நம்பிக்கை இருந்திருக்கிறது. காவோர் பதவிக்காரர் இல்லை, பாதிரியார். அப்படிப்பட்டவர்களை அந்த அகராதியில் சேர்ப்பதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

பெரிய மனிதர்கள் விஷயத்திலும் இதேதான். 384-ல் இறந்த பிரேடெக்ஸ்டாடஸ், ரோம் நகரின் தலைமை அதிகாரியாக இருந்தவர். அடுத்த ஆண்டுக்குக் கான்சல் என்ற மிக உயர்ந்த கௌரவப் பதவிக்கும் தேர்வானவர். பழைய ரோமத் தெய்வங்களைக் கும்பிட்டவர். அவருடைய நினைவுக்கல் ரோமில் காபிடோலின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கப் பூசாரிப் பட்டங்கள், பதவிகள், கணவனும் மனைவியும் நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்ற ஒரு வரி. உன் தாத்தாவின் பணிப்பதிவேடு மாதிரிதான். அதே கல்லில் மனைவி பாலினாவின் பெயரில் ஒரு கவிதையும் உண்டு. நீ பழைய நூல்களைப் படித்துத் திருத்தி வைத்ததுதான் பெரிது, இந்தப் பதவியெல்லாம் சின்ன விஷயம் என்கிறாள். உன்னவளாக இருந்தேன், இருக்கிறேன், இறந்த பிறகும் இருப்பேன் என்று முடிக்கிறாள். அவர் இறந்த சமயத்தில் கிறிஸ்தவத் துறவி ஜெரோம் ஒரு கடிதத்தில், பாவப்பட்ட மனைவி பொய்யாகச் சொல்வதுபோல அவர் விண்ணுலக மாளிகையில் இல்லை, இருட்டில் கிடக்கிறார் என்று எழுதினார். புருஷனைப் பறிகொடுத்தவளைப் பற்றி இப்படி எழுத எப்படித்தான் மனம் வந்ததோ. ஆனாலும் ஜெரோம் எரிச்சலில் எழுதிய அந்த வரிதான், பாலினாவின் நம்பிக்கை கல்லோடு நிற்கவில்லை, ஊரே அதைப் பேசியது என்று நமக்குச் சொல்கிறது.

ஆகவே பாலு, பணிப்பதிவேட்டை எடுத்து உள்ளே வைத்துவிடு. அது முதுகெலும்பாக இருக்கட்டும். தாத்தா வேலை பார்த்த தாலுகாக்களின் பழைய கோப்புகள் மாவட்ட ஆவண அறையில் இருந்தால், அவருக்கு வந்த மனுக்களைத் தேடு. பட்டா, தண்ணீர் தகராறு, மாடு பிடிபட்டது, எதுவானாலும் சரி. அவர்மேல் யாராவது புகார் எழுதியிருந்தால் அதை முதலில் எடு. வீட்டில் பெரியம்மா என்ன சொல்கிறார் என்று தனியாகக் குறித்துக்கொள். புகாரோடு ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அப்படியே போடு.

காவோரின் கடிதத்தைத் தமிழாக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். பத்து வரிகூட வராது. தங்கச்சிக்கும் படித்துக் காட்டு. தை கடைசியில் நாங்கள் அந்தப் பக்கம் வருகிறோம், இரண்டு நாள் தங்குவோம். கோப்புகள் கிடைத்திருந்தால் சேர்ந்தே உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ராமு