ஒசாகா போகும் மகளுக்கு

அன்பு பாப்பா,

டிக்கெட் போட்டாச்சு என்று அம்மா சொன்னாள். நீ அனுப்பிய பட்டியலில் கோயில், கோட்டை எல்லாம் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கறி மீன் தொடாத பிள்ளைக்கு ஜப்பானில் அதுதான் பெரிய வேலை. அங்கே வேலை பார்த்த காலத்தில் நான் கற்றதை எழுதுகிறேன்.

கடைக்குள் நுழைந்ததும் 'இரஷ்ஷைமாசே' என்று குரல் கொடுப்பார்கள். பதில் தேவையில்லை, லேசாகத் தலை குனி. எத்தனை பேர் என்று கேட்டால் விரலைக் காட்டு. காலி மேசை தெரிந்தாலும் அவர்கள் காட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும். ஆளைக் கூப்பிட, நம்மூரில் 'அண்ணே' என்பதுபோல, 'சுமிமாசேன்' என்று சத்தமாகவே சொல்லலாம், கூச்சப்படாதே. படத்தைத் தொட்டுக் காட்டி 'கோரே ஓ குதசாய்' என்றால் அது வந்துவிடும்.

'நிகு தோ சகனா வா தபேமசேன்', கறியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். இதை மனப்பாடம் செய்துகொள். ஆனால் இதோடு விட்டுவிடாதே. சமையல்காரர் மீன் துண்டைத்தான் தவிர்ப்பார். தாஷி என்கிற சாறு அவர் நினைவுக்கே வராது. காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட்டு இறக்கும் அந்தச் சாறுதான் பெரும்பாலும் சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பிலும் உதோன் என்கிற தடித்த நூடுல்ஸின் குழம்பிலும் இருக்கும். பொரித்த தோஃபுவை, அதாவது சோயா பாலில் செய்த கட்டியைக்கூட, அதில்தான் மிதக்கவிட்டுக் கொண்டுவருவார்கள். அதனால் 'தாஷி வா ஹைத்தே இமஸ் கா', தாஷி சேர்ந்திருக்கிறதா என்று கேள். 'ஹை', ஆமாம் என்றால் வேறு கேள். எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று வற்புறுத்தாதே. மொத்தமாகக் காய்ச்சி வைத்த சாற்றை உனக்காக மட்டும் அவர் எப்படி மாற்றுவார்? எதமாமே என்கிற வேகவைத்த பச்சை சோயா காய், வெள்ளரிக்காய் வைத்துச் சோற்றைச் சுருட்டிய கப்பாமாகி, வெறும் சோறு கேட்டுப் பசியாறலாம்.

சோற்றுக் கிண்ணத்தை இடது கையில் தூக்கிப் பிடித்துத்தான் சாப்பிடுவார்கள். நமக்கு அது ஒரு மாதிரியாக இருக்கும், பழகிக்கொள். சாப்பிடும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதே. செத்தவர்களுக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நிறுத்துவார்கள். உன் குச்சியிலிருந்து தோழியின் குச்சிக்கு எதையும் மாற்றவும் கூடாது. தகனம் முடிந்து எலும்பு பொறுக்கும்போது உறவினர்கள் அப்படித்தான் கைமாற்றுவார்கள். பக்கத்து மேசையில் பெரியவர் யாராவது இருந்தால் அவர் மனசு என்ன பாடுபடும்! அவளுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தட்டில் வை.

குடியும் சாப்பாடும் கிடைக்கும் இஸகாயா கடைக்குப் போனால் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். அது ஓதோஷி, பில்லில் சில நூறு யென் ஏறும், சண்டை போடாதே. டிப்ஸ் வைக்காதே, மறந்துவிட்டுப் போகிறாய் என்று பின்னாலேயே ஓடிவருவார்கள். பணத்தைக் கையில் நீட்டாமல் கல்லாவில் இருக்கும் சின்னத் தட்டில் வை. கிளம்பும்போது சமையல்காரரைப் பார்த்து 'கோச்சிசோசமா தேஷித்தா' என்று சொல். இதை மட்டும் ஒரு கடையிலும் விடாதே. உனக்காகப் பாடுபட்டு ஆக்கியதற்கு நன்றி அது. நீ சொல்லும்போது அவர் முகத்தைப் பார்.

முடிந்தால் ஓர் இரவு கோயாசான் மலையில் ஒரு கோயிலில் தங்கு. ஒசாகா நம்பாவிலிருந்து நன்காய் ரயில் போகிறது. அங்கே பிக்குகள் சமைக்கும் ஷோஜின் உணவில் கறியும் இல்லை மீனும் இல்லை, சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும் இறக்கியது. எள் தோஃபுவைக் கட்டாயம் சாப்பிடு. முன்பே பதிவு செய்துவிடு. ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கெல்லாம் போட்டுவிடுவார்கள், அதற்குள் போய்ச் சேர்.

அன்புடன்,
அப்பா