மூன்று படிக்கு யார் பொறுப்பு? கல்யாணத் தொழில் கூட்டாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மண்டபம் நடத்துகிறவர்களுக்கும், சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர்களுக்கும், போட்டோ வீடியோக்காரர்களுக்கும், லைட்டு சவுண்டு போடுகிறவர்களுக்கும், மேக்கப் கலைஞர்களுக்கும், நம் எல்லோரையும் போனில் துரத்திக்கொண்டே இருக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் மேடையும் பூவும் போடுகிறவன். உங்களில் பலரோடு ஒரே கூரைக்குக் கீழே ராத்திரி முழுக்க வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் "அந்தப் பிளக் பாயிண்டைக் கொஞ்சம் விடுங்க" என்பதைத் தாண்டி நாம் பேசிக்கொண்டது குறைவு. இந்த மடலுக்குக் காரணமே அதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் நான் போட்ட மேடை 60 செ.மீ. உயரம். 20 செ.மீ. வீதம் மூன்று படி. ஏன் 60 என்று அன்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எப்போதோ ஒரு வீடியோக்காரர், முன்னால் நிற்கிறவர்கள் மறைக்கிறார்கள், கொஞ்சம் ஏற்றிப் போடுங்கள் என்றார். அதுவே பழக்கமாகிவிட்டது. மாப்பிள்ளையின் பள்ளிக்கூட நண்பர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். மேடைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். நாலு பேர் ஓடி வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். இரண்டாவது படியில் அவருடைய ஒரு செருப்பு கழன்று விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. என் வேலையைக் காட்டுவதற்காக அந்தக் கல்யாணத்துப் படங்களை வாங்கிப் பார்த்தபோதுதான் நானே கவனித்தேன். பின்னால் என் பூ வளைவு அவ்வளவு அழகு. முன்னால் அவர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுங்காலுமாகச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தார்.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சரிவுப் பாதைக்குப் பல நாடுகளில் வைத்திருக்கும் அளவு 1:12. அதாவது ஒரு அடி ஏற 12 அடி நீளம். 60 செ.மீ. மேடைக்கு 7.2 மீட்டர் சரிவு வேண்டும். எந்த மண்டபத்தில் அவ்வளவு இடம் இருக்கிறது? மேடையை 20 செ.மீ. ஆக்கினால் 2.4 மீட்டர் போதும், ஓரமாக அடங்கிவிடும். உயரம் குறைந்தால் வீடியோ மறைக்கும், உண்மைதான். ஆனால் கேமராவைக் கொஞ்சம் உயர்த்தி, முதல் வரிசை நாற்காலிகளை ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளினால் அதுவும் தீர்கிறது. கேமரா வீடியோக்காரர் கையில், நாற்காலி மண்டபக்காரர் கையில், மேடை என் கையில். மூன்று பேரும் பத்து நிமிஷம் பேசியிருந்தால் முடிந்திருக்கும்.

எல்லோருக்கும் இடமுள்ள கல்யாணம், பூமியைக் கெடுக்காத கல்யாணம் என்று இப்போது நம் தொழில் கூட்டங்களில் நிறையப் பேசுகிறார்கள். நானும் கை தட்டியிருக்கிறேன். ஆனால் கெட்ட எண்ணத்தோடு யாரும் ஆளை விலக்கியோ குப்பையைக் குவித்தோ நான் பார்த்ததில்லை. ஒருவர் வேலை முடிந்து இன்னொருவர் வேலை தொடங்கும் இடைவெளியில்தான் ஆள் விடுபடுகிறார், குப்பை சேருகிறது. அந்த இடைவெளி யாருடைய ஆர்டரிலும் கிடையாது, யாரும் அதற்கு அட்வான்ஸ் வாங்குவதில்லை. ஆகையால் தனித்தனியாக நாம் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அது அப்படியே கிடக்கும்.

என் பக்கத்துக் குற்றத்தையே முதலில் சொல்கிறேன். பூ செருகும் பச்சை ஃபோம். 1954-இல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மித்தர்ஸ் என்பவர் கண்டுபிடித்தது. தண்ணீரை உறிஞ்சும், பூவை அசையாமல் பிடிக்கும், வேலை பறக்கும். ஆனால் அது ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிளாஸ்டிக். கையில் தேய்த்தால் மாவாக உதிரும். வேலை முடிந்ததும் வாளியில் மிஞ்சிய பச்சைத் தண்ணீரை மண்டபத்துப் பின்பக்கச் சாக்கடையில் எத்தனை ராத்திரி கொட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அந்தத் துகள்களை நீர்வாழ் உயிரினங்கள் விழுங்குகின்றன, அதிலிருந்து நச்சுப் பொருள் கசிகிறது என்று ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் ஃபோமையே தடை செய்துவிட்டது. கம்பி வலை, ஊசித் தட்டு, பாசி, தண்ணீர்க் குழாய்கள் என்று மாற்று எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான்.

தெரிந்தும் நான் ஏன் விடவில்லை? நேரம். முந்தைய விசேஷம் பதினோரு மணிக்குக் காலியாகும், விடிவதற்குள் எல்லாம் நின்றாக வேண்டும். கம்பி வலையில் கட்ட இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அந்த இரண்டு மணி நேரம் என்னிடம் இல்லை. மண்டபக்காரரே, அது உங்களிடம் இருக்கிறது. சாக்கடைக்குப் போன ஃபோமில் உங்கள் முன்பதிவு அட்டவணைக்கும் பங்கு உண்டு என்பதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நானும் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொரு காட்சி, மண்டபத்து வாசலில். சனிக்கிழமை ராத்திரி ஒரு அலங்காரக்காரர் பூவையும் இலையையும் வாரி லாரியில் குப்பையாக ஏற்றிக்கொண்டு வெளியே போகிறார். அதே வாசலில் மறுநாள் ஆர்டருக்கான இன்னொருவர் புதுப்பூ லாரியோடு உள்ளே வருகிறார். இரண்டு டிரைவர்களும் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள், அவ்வளவுதான். "அடுத்தவர் கல்யாணத்துப் பூவா?" என்று கல்யாண வீட்டார் முகம் சுளிப்பார்கள், தெரியும். முகப்பில் தெரியும் பூவை விடுங்கள். பின்னால் நிரப்பும் இலை, சட்டம், வலை, துணி, விளக்குத் தொட்டி இவற்றையாவது கை மாற்றிக்கொள்ளலாமே. இரண்டு வீட்டாரிடமும் சொல்லிவிட்டு, செலவில் அவரவர் பங்கைக் கழித்துக் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்த நாள் வேலை பார்க்கும் இருவருக்கும் ஒருவர் எண் இன்னொருவரிடம் இருந்தால் போதும்.

பக்கத்தில் விளைந்த பூ என்றாலே நல்லது என்ற பேச்சிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. 2007-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் ஒரு கணக்குப் போட்டது. கென்யாவில் வளர்ந்து விமானத்தில் வந்த 12,000 ரோஜாவுக்குச் சுமார் 6,000 கிலோ கரியமில வாயு. பக்கத்து நாடான நெதர்லாந்தில் சூடாக்கிய கண்ணாடிக் கூடாரத்தில் வளர்ந்த அதே 12,000 ரோஜாவுக்குச் சுமார் 35,000 கிலோ. தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எந்தப் பருவத்தில், எப்படி வளர்ந்தது என்று பூ வியாபாரியிடம் கேட்க வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் சிரிப்பார்கள். இருபது பேர் கேட்டால் விசாரித்து வைத்திருப்பார்கள்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். ஒரு பேச்சுக்கு 500 பேர் என்று வையுங்கள். பயத்தில் வீட்டார் பத்து சதவீதம் கூட்டிச் சொல்வார்கள், 550. காண்ட்ராக்டர் தன் பங்குக்குப் பத்து, 605. சமையல்காரர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு பத்து. 665 பேருக்குச் சமையல் ஆகிவிட்டது. மூன்று பேருமே செய்தது ஜாக்கிரதை. 2022-இல் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது, நுகர்வோருக்கு வந்து சேர்ந்ததில் 19 சதவீதம், அதில் 28 சதவீதம் உணவகம், கேட்டரிங் பக்கம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. கூடுதல் எத்தனை என்பதை ஒரே ஒருவர் ஒரே ஒரு தடவை முடிவு செய்தால் பாதி தீரும். மிஞ்சியதை யாருக்காவது கொடுக்கலாம் என்பது பந்தி முடிந்த பிறகு வரும் யோசனையாக இருந்தால் பயனில்லை. சமைத்தது 60 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்க வேண்டும், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது. வண்டி, பாத்திரம், வாங்கிக்கொள்ளும் ஆள் எல்லாம் முன்கூட்டியே பேசியிருந்தால்தான் அது உணவு.

போட்டோக்காரர்களிடமும் மேக்கப் கலைஞர்களிடமும் ஒரு விஷயம். ஃபிலிம் காலத்தில், ஃபிலிம் தயாரித்த கோடாக் கம்பெனி படம் கழுவும் லேபுகளுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் வெகுகாலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. 'ஷெர்லி கார்டு' என்பார்கள். கறுத்த முகங்கள் அந்த ஃபிலிமில் சரியாக விழவில்லை. சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் தங்கள் பொருளின் நிறம் சரியாக வரவில்லை என்று புகார் சொன்னது ஃபிலிம் மாறியதற்கு ஒரு காரணம் என்பது வரலாறு. மனிதர்கள் சொல்லி மாறியதைவிடச் சாக்லேட் சொல்லி மாறியது அதிகம் போல! இப்போது டிஜிட்டல். ஆனாலும் நான் பளீர் வெள்ளைத் துணியைப் பின்னால் கட்டிவிட்டால் கேமராவின் மீட்டர் அதை நடுச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கிறது, முகம் இன்னும் இருண்டுபோகிறது. அதற்குப் பயந்து மேக்கப் கலைஞர் இரண்டு ஷேடு ஏற்றிப் பூசுகிறார். பிறகு எடிட்டிங்கில் இன்னொரு தடவை வெளுக்கிறது. கடைசியில் ஆல்பத்தில் இருப்பது வேறு யாரோ. துணியின் நிறத்தை முடிவு செய்யும் முன் நான் உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

படிவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மணமகன் பெயர், மணமகள் பெயர், தந்தை பெயர். அம்மா மட்டும் வளர்த்த பிள்ளை அந்த மூன்றாவது கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு யோசிப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே பாலினத்தவர் திருமணச் சட்டம் 2001 ஏப்ரல் 1-இல் முதன்முதலாக நெதர்லாந்தில் அமலுக்கு வந்தது, 2025 ஜனவரியில் தாய்லாந்திலும் வந்தது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், சரி. ஆனால் ஆர்டர் எடுக்க நமக்கு வேண்டியது இரண்டு பெயரும் ஒரு போன் எண்ணும்தான்.

சவுண்டு போடுகிறவர்களே, நிகழ்ச்சி அரங்குகளுக்கு 15 நிமிஷச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. சத்தத்தை அளக்க ஒரு கருவி, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி ஒரு அமைதியான அறை, இரண்டும் இருந்தால் போதும். கைக்குழந்தைக்காரர்களும் வயதானவர்களும் சத்தம் தாங்காதவர்களும் கல்யாணம் முடியும்வரை இருப்பார்கள்.

இனி கசப்பான பேச்சு. பட்டியல். "எங்க ஆளுங்கதான் உள்ளே வரலாம்" என்று மண்டபங்கள் வைத்திருக்கும் அந்தப் பட்டியலில் நானும் இருந்திருக்கிறேன், வெளியேயும் நின்றிருக்கிறேன். உள்ளே இருக்கக் கமிஷன் கொடுக்க வேண்டும். அந்தக் கமிஷன் வானத்திலிருந்து வருவதில்லை. லோடு இறக்குகிற பையனின் கூலியிலிருந்தும், குப்பையைப் பிரிக்க வைத்திருக்க வேண்டிய ஆளை வைக்காமல் விட்டதிலிருந்தும்தான் நான் கொடுத்தேன். புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒரு பெண், என்னைவிட நன்றாகப் பூக் கட்டுகிறவர், அந்த வாசலைத் தாண்டவே முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரியாத ஆள் வயரை இழுத்து விபத்தானால் பதில் சொல்லப்போவது மண்டபக்காரர்தான், அது நியாயம். அப்படியானால் நிபந்தனையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: வயரிங் பாதுகாப்பு, குப்பையைத் திரும்ப எடுத்துப்போவது, ஆட்களுக்கு அன்றே கூலி. அதை நிறைவேற்றுகிற யாரும் வரலாம் என்று வையுங்கள்.

பட்டியலுக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பழைய தோட்ட மாளிகைகளைக் கனவுக் கல்யாண இடம் என்று விளம்பரப்படுத்தி வந்தார்கள். கலர் ஆஃப் சேஞ்ச் என்ற சிவில் உரிமை அமைப்பு கேள்வி கேட்டது. 2019 டிசம்பரில், கல்யாண வீட்டார் இடமும் யோசனையும் தேடும் பின்ட்ரெஸ்ட், தி நாட் போன்ற இணையத் தளங்கள் அப்படிப்பட்ட விளம்பரத்தைக் கட்டுப்படுத்துவதாக அறிவித்தன. எது அழகு, எது தகும் என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள்தான் பாதி முடிவு செய்கிறார்கள்.

நாம் கூடினால் விலையை ஏற்றத்தான் கூடுகிறோம் என்று பேசுவார்கள். ஆகவே விலையைப் பற்றி நமக்குள் பேச்சே வேண்டாம். போட்டியாளர்கள் கூடி விலை முடிவு செய்வது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். பேச வேறு எவ்வளவோ இருக்கிறது.

நான் கேட்பது ஒரே ஒரு தாள். விசேஷத்துக்குப் பத்து நாள் முன்னால், அந்த விசேஷத்தில் வேலை பார்க்கும் எல்லோரும் ஒரே குரூப்பில், ஒரே தாளில். மேடை உயரம், வாசல் அகலம், எத்தனை பேர், எவ்வளவு மின்சாரம், முடிந்த பிறகு எது யாரிடம் போகிறது, வேலையாட்கள் எங்கே உட்கார்ந்து எப்போது சாப்பிடுகிறார்கள். கடைசியாகச் சொன்னதைச் சிரிக்காமல் எழுதுங்கள். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்ட ராத்திரிகள் உங்களுக்கும் இருக்கும். அந்தக் குரூப்பை மண்டபக்காரர்தான் தொடங்க வேண்டும். யார் யார் வருகிறார்கள் என்று முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

என் பங்குக்கு: என் மேடைகள் இனி 20 செ.மீ. அதற்கு மேல் வேண்டும் என்றால் காரணம் கேட்பேன். 2.4 மீட்டர் சரிவுப் பலகை இரண்டு அடித்து வைத்திருக்கிறேன், ஓரத்தில் கைப்பிடியோடு. நான் வேலை பார்க்காத கல்யாணமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம். கனம் அதிகம், தூக்க நாலு ஆள் வேண்டும். வண்டியை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், முதல் நாள் சாயங்காலம் ஒரு போன் போட்டுவிட்டு.

இப்படிக்கு,
மேடை போடுகிற உங்கள் கூட்டாளி