டியூக்கின் கால்வாயும் பட்டம் போன வழியும்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் நலம் என்பதில் மகிழ்ச்சி. எகர்டன் குடும்பத்துக்கு வம்சாவளி அட்டவணை போடுவதாகவும், பட்டமும் சொத்தும் யார் யாருக்குப் போயின என்று குழம்புவதாகவும் எழுதியிருந்தாய். முதலில் கால்வாய்க் கதைக்கு வருகிறேன். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபுவான மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் டியூக் பிரான்சிஸ் எகர்டன் காதலில் தோற்ற வேகத்தில்தான் கால்வாய் வெட்டக் கிளம்பினார் என்ற கதையை நீயுமா நம்புகிறாய்?

எலிசபெத் கன்னிங்கோடு நிச்சயமாகியிருந்த திருமணம் 1758-இல் முறிந்தது உண்மை. அவர் அடுத்த வருடமே வேறொருவரை மணந்தார், டியூக் கடைசிவரை மணக்கவில்லை. ஆனால் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் அவர்கள் எஸ்டேட் இருந்த வோர்ஸ்லியிலிருந்து படகுப் பாதை போடும் எண்ணம் அவருடைய அப்பா ஸ்க்ரூப் காலத்தது. அங்கே ஓடும் ஓடையை இர்வெல் ஆறுவரை படகு போகும்படி ஆழப்படுத்த 1737-லேயே நாடாளுமன்றத்தில் அனுமதிச் சட்டம் வாங்கினார்கள். வேலை நடக்கவில்லை. மகன் செய்தது அந்தப் பழைய எண்ணத்துக்கு வேறு வழி கண்டதுதான்.

அந்த வழியைத் தந்தது சுரங்கத்துத் தண்ணீர். வோர்ஸ்லியில் நிலக்கரி இருந்தது, ஆனால் ஊற்றுநீர் சுரங்கத்தில் நிறைந்துகொண்டே இருக்கும். கரியை மூட்டையாகக் குதிரை முதுகில் ஏற்றி மான்செஸ்டர் கொண்டுபோனால் விலையில் பாதியைக் கூலி தின்றுவிடும். எஸ்டேட் மேலாளர் ஜான் கில்பர்ட் போட்ட கணக்கு இது: மலையடிவாரத்திலிருந்து சுரங்கத்துக்குள்ளேயே கால்வாயைக் குடைந்தால் ஊற்றுநீர் அதில் வடியும், வெளிக் கால்வாய்க்கும் அதே நீர், கரியும் வெட்டிய இடத்திலேயே படகில் ஏறும். உள்ளே போன படகுகள் நான்கரை அடி அகலம்தான். உட்சட்டங்கள் பட்டினி கிடந்தவன் விலா எலும்பு மாதிரி வெளியே தெரியும். நிலத்தடிக் கால்வாய்கள் பிற்பாடு 40 மைலுக்கு மேல் நீண்டன. வோர்ஸ்லியில் தண்ணீர் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததற்கும் சுரங்கத்திலிருந்து வந்த இரும்புதான் காரணம்.

1759-இல் கால்வாய்க்கு முதல் அனுமதிச் சட்டம், 1760-இல் பாதையை மாற்றி இரண்டாவது. கரியை ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது 112 பவுண்டுக்கு, 4 பென்ஸுக்கு மேல் விற்கமாட்டேன் என்ற நிபந்தனைக்கும் டியூக் உட்பட்டார். புதுப் பாதை இர்வெல் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். ஆற்றுக்குள் இறங்கி ஏறினால் லாக் (நீரை ஏற்றி இறக்கிப் படகை மேலும் கீழும் கொண்டுபோகும் கதவுத் தொட்டி) கட்ட வேண்டும், ஒவ்வொரு படகுக்கும் தண்ணீர் வீணாகும், நேரமும் போகும். அதனால் பார்ட்டனில் ஆற்றுக்கு 39 அடி மேலே, மூன்று வளைவுகளில், சுமார் 600 அடி நீளத்தில் தொட்டிப்பாலம், அதாவது கால்வாயையே சுமக்கும் பாலம், கட்டினார்கள். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி.

தண்ணீர் கசியாமல் இருக்கக் களிமண்ணை மணலும் நீரும் சேர்த்து வெட்டி, மிதித்துக் குழைத்து, அடுக்கடுக்காகப் போடுவார்கள். ஓர் அடுக்கு காய்வதற்குள் அடுத்தது விழ வேண்டும். காய்ந்தால் வெடிப்பு, வெடித்தால் ஒழுகல். பாலத்துக்கு மேல் இதில் இன்னொரு சங்கடம்: களிமண் கனம். முதலில் நீர் விட்டபோது ஒரு வளைவு நெளியத் தொடங்கியது என்றும், பிரிண்ட்லி கலங்கிப்போய்ப் படுத்துவிட, கில்பர்ட் அந்த வளைவின் மேலிருந்த களிமண்ணைக் குறைத்து, வைக்கோல் பரப்பிப் புதுக் களிமண் போட்டுக் காப்பாற்றினார் என்றும் சொல்வார்கள். கில்பர்ட்டுக்கு உரிய பேரை ஊர் தரவில்லை என்பது என் கட்சி. 1761 ஜூலை 17 அன்று படகு பாலத்தைக் கடந்தது. (பெரிய கப்பல் போகும் கால்வாய் வந்ததும் அந்தப் பாலம் போய்விட்டது. 1894 முதல் அங்கே இருப்பது தண்ணீரோடு சேர்ந்தே திரும்பும் சுழல் தொட்டிப்பாலம். இரு முனையும் கதவடைத்து, சுமார் 1,450 டன்னை அப்படியே திருப்புகிறார்கள்.)

கையைக் கடித்தது ரன்கார்ன் ஊருக்குப் போன கிளைக் கால்வாய்தான். லிவர்பூல் பக்கம் போக மெர்ஸி ஆற்றில் இறங்க வேண்டும், அங்கே லாக்குகளைத் தவிர்க்க முடியவில்லை. நிலக்காரர்களோடு இழுபறி வேறு. 1765-இல் சைல்ட் வங்கியில் 25,000 பவுண்டு கடன் வாங்கினார். முழுப் பாதையும் திறக்க 1776 ஆயிற்று.

இனி நீ குழம்பியிருக்கும் வம்சாவளி. ஒரு தாளில் பட்டத்தையும் இன்னொரு தாளில் சொத்தையும் எழுது. இரண்டையும் ஒன்றாக எழுதினால் டியூக் இறந்த 1803-இல் கட்டாயம் தடுக்கி விழுவாய். டியூக் பட்டம் அவருடைய அப்பாவுக்கு 1720-இல் கிடைத்தது, அவருடைய ஆண் வாரிசுகளுக்கு மட்டும். ஆகவே 1803-இல் அற்றுப்போனது. டியூக்குக்குக் கீழ்ப்பட்ட ஏர்ல் பட்டம் 1617-ஐச் சேர்ந்தது, அதனால் மூன்றாம் ஏர்லின் கிளையில் வந்த உறவினர் ஜான் வில்லியம் எகர்டனுக்கு அது போனது, குடும்பத்தின் ஆஷ்ரிட்ஜ் எஸ்டேட்டும் கூடவே. அவர் தம்பியோடு அதுவும் 1829-இல் முடிந்தது. அந்தத் தம்பி பாரிஸில் நாய்களுக்குப் பூட்ஸ் மாட்டிப் பந்தியில் உட்காரவைத்த ஆள்!

அண்ணன் ஜான் வில்லியம் எழுதிய உயில் இன்னும் விசித்திரம். ஆஷ்ரிட்ஜ் ஆல்ஃபோர்டு பிரபுவுக்கு, ஆனால் அவர் பிரிட்ஜ்வாட்டர் என்ற பெயரில் டியூக் பட்டமோ அதற்கு அடுத்த மார்க்விஸ் பட்டமோ வாங்காமல் செத்தால் சொத்து கைமாற வேண்டும். அவர் வாங்காமலே 1851-இல் இறந்தார். பட்டத்துக்காக அரசாங்கத்தைப் பிடித்துத் தொங்கத் தூண்டும் நிபந்தனை பொதுநலனுக்கு விரோதம் என்று 1853-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. எகர்டன் எதிர் பிரவுன்லோ என்ற அந்த வழக்கைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

டியூக்கின் கால்வாயும் அவர் சேர்த்த ஓவியங்களும் வேறு வழி. டியூக் அதை அறக்கட்டளையாக்கி, வருமானத்தை அக்கா லூயிசாவின் மகனுக்கு, அவருக்குப் பின் அவருடைய இரண்டாவது மகனுக்கு என்று எழுதிவைத்தார். அந்த இரண்டாவது மகன் எகர்டன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, 1846-இல் எல்ஸ்மியர் ஏர்ல் ஆனார். அவருடைய அண்ணன் வழியில் போன சதர்லாந்து டியூக் பட்டம் 1963-இல் வாரிசில்லாமல் இந்த எல்ஸ்மியர் கிளைக்கே வந்தது. பிரான்சின் ஆர்லியன்ஸ் டியூக்குகளின் ஓவியத் தொகுப்பிலிருந்து 1798-இல் வாங்கிய, இத்தாலிய ஓவியர் டிஷியனின் இரண்டு டயானா ஓவியங்களும் இந்தக் கிளையில்தான் இருந்தன. 2009-லும் 2012-லும் பொது அருங்காட்சியகங்களுக்கு 50 மில்லியன், 45 மில்லியன் பவுண்டுக்கு விற்றவர் சதர்லாந்து டியூக் என்று செய்தியில் படித்துவிட்டு நீ குழம்பியது இதனால்தான்.

அட்டவணை போட்டதும் எனக்கு ஒரு படி அனுப்பு. முதல் ஏர்லின் அப்பா தாமஸ் எகர்டனிலிருந்து தொடங்கு. அவர் முறைப்படி பிறந்த பிள்ளை அல்ல. ஆகவே செஷயரின் பழைய எகர்டன்களோடு அவரைப் புள்ளிக்கோட்டால் இணை.

அன்புடன்,
உன் நண்பன்