அப்பாயி வீட்டுத் தென்னைக்கும், அன்று கயிறு பிடித்த எல்லாக் கைகளுக்கும்

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு என் ஹாம் ரேடியோ (லைசென்ஸ் வாங்கிச் சொந்தமாக வானொலியில் பேசும் பொழுதுபோக்கு) டவருக்குப் புது ஸ்டே ஒயரை, அதாவது டவரை இழுத்துப் பிடிக்கிற கம்பியை, முறுக்கி ஏற்றிவிட்டு, தென்னை மரத்துக் கட்டை அவிழ்த்தோம். டவர் நேராக நிற்கிறது. மூன்று பக்கமும் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாயிற்று, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய் இன்னொரு முறையும் பார்த்தேன். இன்றைக்கே எழுதாவிட்டால் இந்த நன்றி மனசுக்குள்ளேயே தங்கிவிடும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டவர் சாய்ந்த அந்தச் சனிக்கிழமை நடந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே நின்றீர்கள், மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை, எனக்கு அது போதும்.

ஆனால் வீடியோவில் வராத ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

கிழக்குப் பக்கத்து ஒயர் தொய்ந்து, ஐம்பது அடி டவரும் அதன் உச்சியில் பத்தரை மீட்டர் அலுமினியக் குழாயோடு, ஒரே திசையில் அனுப்பிக் கேட்கிற யாகி ஆண்டெனாவும் மேற்கே சாய்ந்து நின்ற நேரத்தில், கயிற்றைப் பிடித்திருந்த ஏழு பேருக்கும் ஒரே கேள்விதான்: இதை எதில் கட்டுவது? கிழக்கே கட்டுகிற மாதிரி இருந்தது ஒன்றே ஒன்று. பக்கத்து வீட்டு அப்பாயியின் தென்னை. கஜா புயல் அடிப்பதற்கு முன்னால் அவர் கொல்லையில் பதினான்கு மரம் நின்றது. 2018 நவம்பர் 16 விடிந்தபோது மிச்சம் அந்த ஒன்று. பேராவூரணிப் பக்கம் தென்னையை யாரும் மரம் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள், பிள்ளை என்றுதான் சொல்வோம். அந்த மரத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சாய்ந்து நிற்கிற டவர் இன்னும் சரிந்தால் பின்னால் ஒயர் இழுத்து அதுவும் போய்விடுமோ என்ற பயம் வேறு.

நான் கேட்கவே இல்லை. அப்பாயிதான் வேலியோரம் வந்து, "என்னப்பா நின்னு முழிக்கிறீங்க, அதுல கட்டுங்கப்பா. அம்மாம் பெரிய காத்துக்கே நின்ன மரம், இதுக்கா சாஞ்சிரப் போவுது" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனவர் ஒரு பழைய நூல் புடவையோடு வந்தார். அதை நாலாக மடித்து மரத்தைச் சுற்றிக் கொடுத்து, இதுக்கு மேல கம்பியக் கட்டு, பட்டை அறுபடாது என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கொல்லைக்குக் குறுக்கே போகிற அந்தக் கம்பியில் முழத்துக்கு ஒன்றாக வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து முடிந்து வைத்திருக்கிறார். கழுத்து உயரத்தில் கம்பி போகிறது, அந்தி நேரத்தில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது என்று. அத்தனை பேர் நின்றோம், கணக்குப் போட்டோம், எங்கள் ஒருத்தருக்கும் இது தோன்றவில்லை. ஆட்டைக் கட்டுகிற முளையையும் பிடுங்கித் தெருப் பக்கம் அடித்திருந்தார். ஸ்டே ஒயரைத் தரையில் பிடிக்கிற புது கான்கிரீட் இருபத்தெட்டு நாள் ஆற வேண்டும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார், நம் மணல் மண்ணுக்கு இந்தத் தடவை குழியை இரண்டு மடங்கு ஆழமாகத் தோண்டியிருக்கிறோம். அந்த இருபத்தெட்டு நாளும் அப்பாயி துணி காயப்போடக் குனிந்து போய்க் குனிந்து வந்தார். ஒரு நாள்கூட எப்போ அவிழ்ப்பீங்க என்று கேட்கவில்லை.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், குறைவாக நினைக்க வேண்டாம். உச்சியில் ஏறிக் கப்பி மாட்டி ஆண்டெனாவைப் பத்திரமாக இறக்கிய தேங்காய் பறிக்கிற அண்ணன், ஞாயிற்றுக்கிழமை பட்டறையைத் திறந்து வளைந்த பகுதியை நிமிர்த்திக் கொடுத்த வெல்டர், ஒயரை முறுக்கி இறுக்குகிற டர்ன்பக்கிள் வாங்கப் பட்டுக்கோட்டைக்கு மழையில் பைக் ஓட்டிய தம்பிகள், தஞ்சாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து மூன்று எர்த் குழியையும் அளந்து பார்த்துவிட்டுப் போன மூத்த ஹாம் நண்பர்கள், எல்லாருக்கும் என் கும்பிடு. ஆண்டெனாவைத் திருப்புகிற மோட்டாரான ரோட்டேட்டரின் பூஜ்யம் சரியாக வடக்கைப் பார்க்க வேண்டும் என்று, திசைகாட்டி இரும்பு டவர் பக்கத்தில் பொய் சொல்லும் என்று சொல்லி, நேற்று ராத்திரி துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை வைத்துக் கொடுத்த ஓய்வுபெற்ற பிசிக்ஸ் வாத்தியாருக்குத் தனியாக ஒன்று. நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேலே பத்து டிகிரியில்தான் தொங்கும், மேகம் விலகக் காத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் நின்றார்.

இன்று காலை கண்ட்ரோல் பாக்ஸில் 55 டிகிரி வைத்தேன். மேலே மோட்டார் மெல்ல உறுமிக்கொண்டு திரும்புவதைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். 14 மெகாஹெர்ட்ஸில் ஜப்பான் நிலையங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து பேசுவதுபோலக் கேட்டன. அனுப்புகிற சக்தி ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறதா என்று காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். அளவு 1.3, ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆண்டெனாவை மேற்கே திருப்பினால் அதே குரல் தேய்ந்து இரைச்சலுக்குள் போகிறது, திரும்பக் கிழக்கே கொண்டுவந்தால் எழுந்து வருகிறது. பின்னால் ஒரு நீளமான குழாய், முன்னால் ஒரு குட்டையான குழாய், நடுவில் மட்டும்தான் கேபிள். 1926-ல் ஜப்பானில் யாகியும் உடாவும் கண்டுபிடித்த அதே அமைப்பு. அதன் வழியாக முதலில் ஜப்பானையே கேட்டதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

அப்பாயியும் வந்து கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இதுல திருப்பூரு பேசுமா?" என்றார்.

மகன் அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிறார். கஜா சமயத்தில் இங்கே கரண்டும் இல்லை, போனும் இல்லை. ஐந்து நாள் அம்மா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் அவர் கிடந்து, கடைசியில் கிடைத்த வண்டியில் ஏறி மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்து வந்து சேர்ந்தார். அப்பாயி அந்த ஐந்து நாளைப் பற்றி என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. லைசென்ஸ் வாங்கி இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னேன். இவ்வளவு பெரிய ஆண்டெனா திருப்பூருக்கு ஆகாது அப்பாயி, இதன் அலை தூரத்தில் போய்த்தான் இறங்கும், நடுவில் இருக்கிற ஊரை எல்லாம் தாண்டிவிடும். அதற்கு 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாக ஒரு டைபோல் கட்ட வேண்டும். சாதாரண ஒயர்தான், இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர். அதன் அலை ஏறக்குறைய நேராக மேலே போய், வானத்தில் பட்டு, இருநூறு முந்நூறு கிலோமீட்டர் சுற்றளவுக்கு மழை மாதிரி இறங்கும். பகல் நேரத்தில் திருப்பூர் நன்றாகவே கிடைக்கும். அங்கே ஒரு ஹாம் நண்பர் தினமும் காலையில் வருகிறார். மத்தியானம் அவரிடம் பேசிவிட்டேன். இங்கே போன் செத்த நாளில், நான் சொல்வதை அவர் அப்பாயியின் மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். அப்பாயி மட்டுமில்லை, இந்தத் தெருவில் வெளியூரில் பிள்ளை இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு நம்பர் எழுதி வாங்கிக்கொள்ளப் போகிறேன். அடுத்த புயலுக்கு முன் பேட்டரியும் சோலார் பலகையும் தயாராக இருக்கும், இது என் வாக்கு.

டைபோலின் ஒரு முனை டவரில் பாதி உயரத்தில். இன்னொரு முனைக்கு மரம் வேண்டும், கிழக்கே இருப்பது ஒரு மரம்தான். இந்த முறை வாய்விட்டுக் கேட்டேன். புடவையை இன்னும் அவிழ்க்கலையே, அது மேலயே கட்டிக்க என்றார் அப்பாயி. சின்ன நைலான் கயிறுதான், பாரமே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கட்டுகிறோம். கயிறு பிடிக்க மூன்று பேர் போதும். காப்பி அப்பாயி வீட்டில், அவரே சொல்லிவிட்டார்.