நான் நினைவிழந்தபோது விமானத்தைக் காத்தவர்களுக்கு

வணக்கம்.

அந்த விமானத்தின் கேப்டன் நான்தான். தரையிறங்குவதற்காக உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து, இருக்கையிலேயே நினைவிழந்துவிட்டேன். அப்புறம் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எல்லோரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வழியில்லாததால் இந்த மடல்.

முதலில் என் துணை விமானிக்கு. தம்பி, உயரத்தைச் சொல்லிக் குரல் கொடுத்தீர்கள், பதில் இல்லை. இரண்டாம் முறையும் பதில் வராததும், இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று நீங்கள் தயங்கி நிற்கவில்லை. ‘கட்டுப்பாடு என்னிடம்’ என்று சொல்லி விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டீர்கள். விதி அதுதான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் அனுபவத்தில் மூத்தவர் என்றால் அந்த நொடியில் வாய் வராது. எத்தனையோ பேரிடம் நான் பார்த்திருக்கிறேன். 1972இல் லண்டன் அருகே ஸ்டெயின்ஸில் விழுந்த விமானத்தில் இருந்த 118 பேரும் இறந்துபோனார்கள். அதன் கேப்டனுக்குக் கடுமையான இதயநோய் இருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அந்த விபத்துக்குப் பிறகு, விமானி செயலிழந்தால் என்ன செய்வது என்ற பயிற்சிக்கு அதிக அழுத்தம் கொடுக்கப்பட்டது. அதை சிமுலேட்டரில், அதாவது விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில், சலிக்காமல் செய்ய வைத்த பயிற்சியாளர்களுக்கும் என் வணக்கம்.

கேபின் பணியாளர்களே, நினைவில்லாத உடம்பு எவ்வளவு கனக்கும், காக்பிட் எவ்வளவு குறுகல் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் கருவிகள் மேல் விழாமல் தோள் பெல்ட்டை இழுத்துப் பூட்டி, பெடல்களிலிருந்து கால்களை எடுத்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து, ஆக்சிஜன் மாட்டினீர்கள். தம்பி ஒற்றை ஆளாக ஓட்டிக்கொண்டிருக்க, உங்களில் மூத்தவர் பின்னால் உட்கார்ந்து செக்லிஸ்டை வரி வரியாக வாசித்தார். அந்தக் குரல்தான் தனக்குத் தெம்பு என்று தம்பி சொன்னார்.

கட்டுப்பாட்டு அறை நண்பர்களே, ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பைக் கேட்டதும் மற்ற விமானங்களை விலக்கி வழிவிட்டீர்கள். ஒரே அலைவரிசையில் கடைசிவரை பேசினீர்கள். அலைவரிசை மாற்றும் வேலைகூட தம்பிக்கு வைக்கவில்லை. தரையில் விமானத்தைத் திருப்பும் சிறு சக்கரம் அந்த விமானத்தில் என் பக்கம் மட்டும்தான். அதனால் தம்பி ஓடுபாதையிலேயே நிறுத்த, ஆம்புலன்ஸ் அங்கேயே வந்து நின்றது.

பயணிகளே, இருக்கையை விட்டு எழாமல் அமைதியாக ஒத்துழைத்தீர்கள். அடுத்த விமானத்தைத் தவறவிட்டவர்களும் உண்டு என்று கேள்விப்பட்டேன். மன்னியுங்கள், மிக்க நன்றி.

உங்களுக்குள் ஒரு டாக்டர் அம்மா இருந்தார். அறிவிப்பு கேட்டதும் எழுந்து வந்து, சக்கரம் தரையைத் தொடும்வரை என் நாடியிலிருந்து கை எடுக்கவில்லையாம். பெயர்கூடச் சொல்லாமல் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார். அம்மா, இது உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். என் மனைவி உங்களோடு பேச வேண்டும் என்று தினமும் கேட்கிறாள்.