சலுகை வாங்கும் கம்பெனிகள் கூலிக் கணக்கும் காட்டட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க இறக்குமதி வரி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஏற்றுமதியாளர்களின் நஷ்டம், டாலர் மதிப்பு எல்லாம் விரிவாக இருந்தன. மெஷினில் உட்கார்ந்து தைப்பவரின் கூலி என்ன ஆகும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்பதால் அதை நான் எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது அமெரிக்கா. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று 27-ம் தேதி முதல் இன்னும் 25 சேர்த்தது. அதே நேரத்தில் பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் 20தான் இருந்தது. இப்படி வரி வந்தால் அதைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அவர் சும்மா கட்டுவதில்லை. விலையைக் குறை, இல்லையென்றால் ஆர்டர் டாக்காவுக்குப் போகும் என்கிறார். நூல், சாயம், மின்சாரம் எதிலும் இங்கே பெரிதாகக் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பது கூலிதான். கூலியைக் குறைத்துவிட்டோம் என்று யாரும் நோட்டீஸ் ஒட்டப்போவதில்லை. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆகும். கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் சிறு தையல் கூடமான பவர் டேபிளில், ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு ரேட் அப்படியே இருக்கும், தைக்கத்தான் பீஸ் வராது. சனிக்கிழமை கைக்கு வரும் பணத்தில்தான் அது தெரியும்.

அதற்காகத் தடையற்ற வர்த்தகம் வந்துவிட்டால் தொழிலாளிக்கு விடிந்துவிடும் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 2004 டிசம்பரோடு ஒரு நாட்டிலிருந்து இவ்வளவு ஆயத்த ஆடைதான் வாங்குவோம் என்று பணக்கார நாடுகள் வைத்திருந்த கோட்டா முறை முடிந்தது. அப்புறம் இந்த ஊரின் ஏற்றுமதி பல மடங்கு வளர்ந்தது. கூலி உயர்வு அந்த வேகத்தில் தானாக வந்துவிடவில்லை. தொழிற்சங்கங்கள் உட்கார்ந்து பேசி, இழுத்தடித்து வாங்கியதுதான்.

இறக்குமதிக்கு வரி போட்டு உள்நாட்டு உற்பத்தியைப் பாதுகாப்பதும் இப்படித்தான். 2021 பட்ஜெட்டில் பருத்தி விவசாயி பெயரைச் சொல்லி இறக்குமதிப் பருத்திக்கு 11 சதவீத வரி போட்டார்கள். மறு வருஷம் நூல் விலை எகிறியதும் சில மாதங்களுக்கு எடுத்தார்கள், பிறகு போட்டார்கள், 2025 ஆகஸ்டில் அறுவடை நெருங்கும் நேரத்தில் மறுபடி எடுத்தார்கள். விவசாயிக்கும் நிம்மதி இல்லை, பனியன் தைப்பவருக்கும் இல்லை.

அமெரிக்க வரிக்குப் பிறகு மத்திய அரசு கை கட்டி நிற்கவில்லை என்பது உண்மை. 2025 நவம்பரில் ஏற்றுமதியாளர்களுக்கு 20,000 கோடி ரூபாய் வரை பிணையில்லாத கூடுதல் கடனுக்கு உத்தரவாதம் தந்தது. நல்லது, அது தேவைதான். ஆனால் அந்த உதவி கம்பெனியின் வங்கிக் கணக்கோடு நின்றுவிடுகிறது. வேலை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. சரி, பவர் டேபிளில் தைப்பவர்களில் எத்தனை பேர் இ.எஸ்.ஐ.யில் பதிவானவர்கள்? அவர்கள் பெயர் ஏற்றுமதிக் கம்பெனியின் ரிஜிஸ்டரிலேயே இருக்காது. ஜாப் ஒர்க் பில்லில் ஒரு தொகையாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கும் ஒவ்வொரு கம்பெனியும் தன் ஆட்களோடு, ஜாப் ஒர்க்குக்குத் தைப்பவர்களின் எண்ணிக்கையையும் பீஸ் ரேட்டையும் சேர்த்துத் தொழிலாளர் துறைக்கு மாதாமாதம் காட்ட வேண்டும். இ.எஸ்.ஐ.யில் அவர்களைப் பதிவு செய்வதைக் கடனுக்கான நிபந்தனையாக்க வேண்டும். அடுத்த வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகும்போது இந்தத் தொழிற்சங்கங்களையும் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்