லியூஹே ஊர்த் தகப்பனார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ஸ்டென்ட் வைத்த பிறகு உடம்பு நன்றாகவே இருக்கிறது. காலையில் நடக்கிறேன், மாத்திரைக்கு அம்மா காவல். ஆராய்ச்சியைப் பாதியில் விட்டு ஊருக்கே வந்துவிடுவதாகப் போனில் சொன்னாய். அதற்கான பதில் போனில் பேசி முடிகிற காரியமில்லை என்பதால் எழுதுகிறேன்.

சீனாவில் பிறந்த இயற்பியலாளர் சியென்-ஷியுங் வூவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய கோபால்ட்-60 சோதனையை என்னைவிட நீ நன்றாக அறிவாய். ஆனால் உங்கள் பாடப் புத்தகங்களில் அவருடைய தகப்பனார் வர மாட்டார். இந்த நாட்களில் எனக்கு அவர் நினைவாகவே இருக்கிறது.

ஷாங்காய்க்குப் பக்கத்தில் லியூஹே என்று ஒரு சிற்றூர். பெண் குழந்தைகளின் பாதங்களை இறுக்கிக் கட்டும் வழக்கம் இன்னும் ஒழியாத காலத்தில், அந்தத் தகப்பனார் வூ சோங்-யி அங்கே பெண்களுக்காக மிங்டே பள்ளியைத் தொடங்கினார். அவர் மனைவி வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளை அழைத்துவந்தார். 1912-இல் பிறந்த அவர்கள் மகளும் அங்கேதான் படித்தாள். தொடக்க வகுப்புகளுக்கு மேல் அங்கே இல்லை. பதினோரு வயதில் சூசோ நகரத்து விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அது ஆசிரியர் பயிற்சிப் பிரிவு, அறிவியல் குறைவு. வேறு பிரிவுத் தோழிகளிடம் புத்தகங்களை இரவல் வாங்கி, இரவில் தானாகவே படித்திருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் எடுக்க, அடிப்படை போதாது என்று தயங்கியபோது, தகப்பனார் புத்தகங்களை வாங்கிவந்து கொடுத்து, படிக்க இன்னும் நாள் இருக்கிறது என்றாராம். வாழ்நாளெல்லாம் வகுப்பறையில் நின்றவன் நான். ஒரு தகப்பன் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிதாக எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1936 ஆகஸ்ட்டில் ஷாங்காயில் குடும்பமே கரையில் நின்று மகளை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றியது. மறு வருடமே ஜப்பான் படையெடுத்தது. பிறகு உலகப் போர், அதன் பிறகு உள்நாட்டுப் போர். 1942-இல் கலிஃபோர்னியாவில் நடந்த திருமணத்துக்கு இரு வீட்டாரும் வர முடியவில்லை. மாப்பிள்ளை யாரென்று நினைக்கிறாய்? சீனாவின் அதிபராயிருந்த யுவான் ஷிகாயின் பேரன். அந்த யுவான் ஷிகாயை எதிர்த்துக் கிளம்பியவர்களில் பெண்ணின் தகப்பனாரும் ஒருவர்! 1949-இல் ஆட்சி மாறிய சமயத்தில், திரும்பி வர வேண்டாம் என்று மகளுக்கு எழுதினார் அந்த மனிதர்.

அதை எழுதி ஒட்டித் தபாலில் சேர்க்க அவர் மனதை எவ்வளவு திடப்படுத்தியிருக்க வேண்டும்! 1959-இல் அவர் இறந்தார், 1962-இல் மனைவியும் போய்ச் சேர்ந்தார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட மகள் சீனாவுக்குப் போக அமெரிக்க அரசு விடவில்லை. இரண்டு சாவுக்கும் அவர் போகவில்லை. 1973-இல் போனபோது பெற்றோரின் கல்லறைகள்கூட மிஞ்சியிருக்கவில்லை. கலாசாரப் புரட்சியில் உடைத்துவிட்டிருந்தார்கள். பிரதமர் சோ என்லாய் அவரிடம் நேரிலேயே வருத்தம் தெரிவித்தார்.

1956-க்கு வருகிறேன். சீனாவை விட்டு வந்து இருபது ஆண்டு ஆனதால், கணவரும் அவரும் ஐரோப்பாவுக்கும் கீழை நாடுகளுக்கும் போகக் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார்கள். கணவரைத் தனியே அனுப்பிவிட்டு வூ அந்தக் கோபால்ட்-60 சோதனையில் இறங்கினார். நியூயார்க்கில் வகுப்பு, வாஷிங்டனில் கருவி. தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது இருக்கக்கூடிய மிகக் கடுங்குளிருக்குச் சற்றே மேலே கோபால்ட்டைக் குளிர்விக்க வேண்டும். படிகத் துண்டுகளை ஒட்டிய பசை அந்தக் குளிரில் விட்டுப்போயிற்று. கடைசியில் நைலான் நூலால் கட்டி நிறுத்தினார்கள். அணுக்கருக்களை ஒரே திசையில் சுழலவைத்துப் பார்த்தால், எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாக வராமல் ஒரு பக்கமே அதிகம் வந்தன. இயற்கைக்கு இடமும் வலமும் ஒன்றுதான் என்ற விதி, அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் உடைந்தது. 1957 நோபல் பரிசு, இதைக் கருத்தளவில் முன்வைத்த லீக்கும் யாங்குக்கும் போயிற்று. வூவுக்கு இல்லை. அநியாயம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் இல்லை.

ஆனால், மகளே, அந்த 1957 ஜனவரியில் முடிவு வெளியாகிப் பத்திரிகைகளில் அவர் பெயர் அடிபட்டபோது, தகப்பனார் உயிரோடுதான் இருந்தார். நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது இதைத்தான்.

உனக்கு அப்படிப்பட்ட தடை ஏதுமில்லை. போர் இல்லை, எல்லையை மூடிய அரசு இல்லை. ஒரு நாள் பயணத்தில் என் பக்கத்தில் இருப்பாய். எனக்கு ஏதாவது ஒன்று என்றால் அம்மா உன்னைக் கூப்பிடுவாள், அப்போது வா. இப்போது என் நெஞ்சைக் காரணம் காட்டி அந்த ஆய்வகத்திலிருந்து எழுந்து வராதே. பேராசிரியரிடம் விலகல் கடிதம் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதே.

அந்த வேலையே உனக்குக் கசந்துவிட்டது என்றால் அது வேறு பேச்சு. அப்படியானால் நாளைக்கே கிளம்பு, ஒரு கேள்வியும் கேட்க மாட்டோம். கசந்துவிட்டதா, இல்லை எனக்காகத்தானா? இதை மட்டும் ஒளிக்காமல் எழுது. அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டிவிட்டேன். அவளுக்கும் இதே கேள்விதான்.

அன்புடன்,
அப்பா